‘பாஸ் கேரண்டி’யை நம்பி சிசா மறுதேர்வு எழுதிய கதை

சிசா (தகவல் முறைமைத் தணிக்கையாளர்களுக்கான சான்றிதழ்) தேர்வில் ஒருமுறை தோற்றவர்களுக்கென்றே தனி வகுப்பு, தேறாவிட்டால் முழுப் பணமும் வாபஸ் என்று யாராவது சொன்னால், பணம் கட்டுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். நான் கட்டிவிட்டுத்தான் படித்தேன். படித்தது அவர்களுடைய நிபந்தனைகளை.

தகவல் முறைமைத் தணிக்கைதான் என் வேலை. ஒரு கம்பெனி “எங்கள் பேக்கப் எல்லாம் சரியாக இருக்கிறது” என்று சொன்னால், “கடைசியாக எப்போது அதிலிருந்து மீட்டுப் பார்த்தீர்கள், பதிவைக் காட்டுங்கள்” என்று கேட்பதற்குத்தான் சம்பளம் வாங்குகிறேன். சான்றுகளிலேயே பலவீனமானது வாய்ச்சொல் என்று புதிதாகச் சேர்ந்த பிள்ளைகளுக்கு வகுப்புகூட எடுத்திருக்கிறேன். அப்படிப்பட்டவள் ஒரு போன் அழைப்பை நம்பிப் பணம் அனுப்பினேன் என்று எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது. பரவாயில்லை.

முதல் முறை எழுதப்போகும் தேதியை அலுவலகத்தில் எல்லோரிடமும் சொல்லிவைத்திருந்தேன். அந்தத் தப்பை நீங்கள் செய்யாதீர்கள். நான்கு மணி நேரம், 150 கேள்விகள். முடித்ததுமே முதற்கட்ட முடிவு திரையில் வந்துவிடும், எனக்கும் வந்தது. சில நாட்கள் கழித்து மெயிலில் வந்த அதிகாரபூர்வ மதிப்பெண் 428. தேறுவதற்கு வேண்டியது 450.

அன்று இரவு தூக்கம் வராமல் இணையத்தில் துழாவிக்கொண்டிருந்தபோது ‘இலவச மாதிரித் தேர்வு’ என்று ஒரு படிவம் கண்ணில் பட்டது. நிரப்பினேன். மறுநாள் காலை பத்து மணிக்குள் அழைப்பு வந்துவிட்டது. பேசியவர் தன்னைக் ‘கல்வி ஆலோசகர்’ என்றார். அவ்வளவு கனிவாகப் பேசினார். தோற்ற மறுநாள் யாராவது கனிவாகப் பேசினால் மனசு எப்படி இளகும் என்று அவர்களுக்கு நன்றாகவே தெரிந்திருக்கிறது.

“மேடம், வெறும் 22 மார்க்! 22 கேள்விதானே? எங்க மெட்டீரியல் படிச்சா சுலபமா தாண்டிடுவீங்க.”

அந்த இடத்திலேயே நான் போனை வைத்திருக்க வேண்டும். ஏனென்றால் அது 22 கேள்வி கிடையாது. தேர்வை நடத்தும் ஐசாக்கா, மதிப்பெண்ணை 200 முதல் 800 வரையிலான ஓர் அளவுகோலில் மாற்றித்தான் தருகிறது. எத்தனை கேள்விக்குச் சரியாகப் பதில் எழுதினோம் என்ற கணக்கு அப்படியே வருவதில்லை. கீழ் எல்லை பூஜ்யம்கூட இல்லை, 200. 450 என்பது அந்த அளவுகோலில் குறைந்தபட்சத் தரத்துக்கான கோடு, அவ்வளவுதான். 450-ஐ 800-ஆல் வகுத்து, ஐம்பத்தாறு சதவீதம் எடுத்தால் பாஸ் என்று கணக்குப் போடுகிறவர்கள் நிறையப் பேர். நானும் முதல் முறை ஏறக்குறைய அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். அதனால்தான் ஆலோசகர் சொன்னது காதில் இனித்தது.

பிறகு தெரிந்தது, அந்த நிறுவனத்தின் மாதிரித் தேர்வுகளே இந்தத் தப்புக் கணக்கில்தான் ஓடுகின்றன. 56 சதவீதம் தாண்டினால் பச்சை நிறத்தில் ‘தேர்ச்சி’ என்று காட்டும். நான் 61 எடுத்தேன், 64 எடுத்தேன், ஒருமுறை 67. எல்லாம் பச்சை. நிஜத் தேர்வுக்குத் தயார் என்று அந்தப் பச்சையைப் பார்த்துத்தான் முடிவு செய்தேன். நான் சரிபார்க்க வேண்டிய கட்டுப்பாட்டை அவர்களே வடிவமைத்து, அவர்களே சோதித்து, அவர்களே சான்றிதழும் கொடுத்துக்கொண்டார்கள். ஒரு கம்பெனியில் இதைப் பார்த்திருந்தால் என் அறிக்கையின் முதல் பக்கத்தில் போட்டிருப்பேன்.

கட்டணம் என் ஒரு மாதச் சம்பளத்தில் பாதிக்கு மேல். கார்டில் கட்டினால் முழுத்தொகை, வங்கிக் கணக்குக்கு நேரடியாக அனுப்பினால் தள்ளுபடி என்றார்கள். தள்ளுபடி எதற்கு என்று யோசிக்கவில்லை. கார்டில் கட்டியிருந்தால், சொன்ன சேவை கிடைக்கவில்லை என்று வங்கியிடம் முறையிட்டுப் பணத்தைத் திரும்பக் கேட்க ஒரு வழி இருந்திருக்கும். நானாகவே அனுப்பிய பணத்துக்கு அந்த வழி இல்லை. வங்கியில் கேட்டபோது, “நீங்களே ஒப்புதல் கொடுத்து அனுப்பியதுதானே” என்று மரியாதையாகச் சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

வகுப்புகளைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. ‘நேரலை’ என்றார்கள், பாதிக்கு மேல் பழைய ஒலிப்பதிவு. எவ்வளவு பழையது என்று ஒரு நாள் தற்செயலாகப் பிடிபட்டது. பாடத்திட்டத்தின் ஐந்து டொமைன்களுக்கும், அதாவது பாடப் பகுதிகளுக்கும், தேர்வில் எத்தனை சதவீத வெயிட்டேஜ் என்று ஆசிரியர் சொல்லிக்கொண்டே போனார்: 21, 17, 12, 23, 27. நான் கையில் வைத்திருந்த அதிகாரபூர்வப் பாடத்திட்டத்தில் 18, 18, 12, 26, 26 என்று இருந்தது. 2024 ஆகஸ்டில் பாடத்திட்டம் மாறிவிட்டது. ஒலிப்பதிவு அதற்கு முன்பு செய்தது. வகுப்புக்கென்று வைத்திருந்த சாட் குழுவில் கேட்டேன். “கான்செப்ட் ஒண்ணுதான் மேடம்” என்று பதில் வந்தது.

எனக்கு மதிப்பெண் குறைந்ததே நான்காவது டொமைனில்தான். செயல்பாடுகளும் தொழில் மீள்திறனும் வரும் பகுதி, வெயிட்டேஜ் கூடிய இரண்டு பகுதிகளில் அதுவும் ஒன்று. அதற்கு ஒரே ஒரு வகுப்பு. அந்த ஒரு வகுப்பிலும் ஆசிரியர் ஆர்டிஓவையும் ஆர்பிஓவையும் மாற்றிச் சொன்னார். கோளாறு வந்தபின் எவ்வளவு நேரத்துக்குள் சேவை திரும்ப வேண்டும் என்பது ஆர்டிஓ. எவ்வளவு நேரத்துத் தரவு போனாலும் தாங்கிக்கொள்ளலாம் என்பது ஆர்பிஓ. பேக்கப் எத்தனை மணி நேரத்துக்கு ஒருமுறை எடுப்பது என்பதையே இந்த இரண்டாவதுதான் தீர்மானிக்கிறது. வாய் தவறுவது யாருக்கும் நடக்கும், அதைக் குற்றம் சொல்லவில்லை. ஆனால் அது ஒலிப்பதிவு. எத்தனை பேட்சுக்கு ஓடியிருக்கும்? ஒருவர்கூடவா சொல்லியிருக்க மாட்டார்?

அப்புறம் அந்தக் ‘கடைசி நேரத் தொகுப்பு’. தேர்வுக்கு இரண்டு வாரம் இருக்கும்போது குழுவில் ஒரு பிடிஎஃப் வந்தது. நிஜத் தேர்வில் வந்த கேள்விகள் என்றார்கள். நல்லவள் வேஷம் போட விரும்பவில்லை: முதல் ஐம்பது கேள்விகளைப் படித்தேன். தேர்வு தொடங்கும் முன் கேள்விகளை வெளியே சொல்ல மாட்டேன் என்று ஒவ்வொருவரும் ஒப்புக்கொண்டுதான் உட்காருகிறோம். அதை மீறி வந்த கேள்விகள் என்றால், முடிவு ரத்தாகவும் மேற்கொண்டு எழுத முடியாமல் போகவும் வாய்ப்பு உண்டு. நெறிமுறைக்குப் பெயர்போன ஒரு பட்டத்துக்காக இப்படி ஒரு வேலை. இது தெரிந்தும் திறந்தேன். மூட வைத்தது மனசாட்சி என்று சொன்னால் பொய். விடைகள் தப்பாக இருந்தன, அதனால் மூடினேன்.

ஒரு கேள்வி இன்னும் நினைவில் இருக்கிறது. தணிக்கைக்குப் போன இடத்தில் பாதுகாப்பு நடைமுறைகள் எதுவும் எழுத்தில் இல்லை, தணிக்கையாளர் என்ன செய்ய வேண்டும் என்பது போல. தொகுப்பு கொடுத்த விடை: அவரே நடைமுறை ஆவணத்தைத் தயாரித்துத் தர வேண்டும். வேலையில் ஒரு மாதம் இருந்தவர்கூடச் சிரிப்பார். நானே எழுதிக் கொடுத்ததை நானே தணிக்கை செய்தால் என் சுயாதீனம் எங்கே போனது? எழுத்தில் இல்லாவிட்டாலும் நடைமுறையில் என்ன செய்கிறார்கள் என்று கண்டறிந்து மதிப்பிடுவதுதான் அங்கே தணிக்கையாளரின் வேலை. இந்தத் தேர்வின் சூட்சுமமே அதுதான். நான்கு விடைகளில் குறைந்தது இரண்டு சரி போலவே இருக்கும். ‘முதலில்’, ‘மிகச் சிறந்த’, ‘முதன்மையான’ என்று கேள்வியில் வரும் ஒரு சொல்தான் அவற்றைப் பிரித்துக் காட்டும். மனப்பாடம் செய்தவரை அந்தச் சொல் கவிழ்த்துவிடும்.

இரண்டாம் முறை எழுதினேன். மதிப்பெண் 419. கோச்சிங் போகாமல் எழுதியதைவிட ஒன்பது குறைவு.

சரி, உத்தரவாதம்தான் இருக்கிறதே என்று மெயில் அனுப்பினேன். நான்கு நாள் பதிலே இல்லை. கனிவாகப் பேசிய ஆலோசகர் ‘வேறு பிரிவுக்கு’ மாறிவிட்டாராம். ஐந்தாம் நாள் நிபந்தனைப் பட்டியல் ஒன்று வந்தது, ஏழு பக்கம். பணம் கட்டியபோது நான் ஒரு சின்னக் கட்டத்துக்குள் டிக் அடித்திருந்தேன், அதன் பின்னால் இருந்தது இதுதானாம். வருகைப்பதிவு நூறு சதவீதம் வேண்டும்; சரி, எனக்கு இருந்தது. மாதிரித் தேர்வு எல்லாவற்றிலும் பச்சை வேண்டும், அதுவும் இருந்தது. பணம் வாபஸ் எப்போது என்றால், வகுப்பு முடித்து எழுதிய தேர்வில் தோற்று, அதிலிருந்து 60 நாட்களுக்குள் மறுபடி எழுதி, அதிலும் தோற்றுக் காட்டினால்.

இதை இரண்டு முறை படித்தேன். ஐசாக்காவின் விதிப்படி முதல் தோல்விக்குப் பிறகு 30 நாள் காத்திருந்தால் மறுபடி எழுதலாம். இரண்டாம் தோல்விக்குப் பிறகு காத்திருப்பு 90 நாள். மூன்றாவதற்குப் பிறகும் 90 நாள். பன்னிரண்டு மாதத்தில் மொத்தம் நான்கு முறைதான் எழுத முடியும், ஒவ்வொரு முறையும் கட்டணம் புதிதாக.

அதாவது முதல் தடவை எழுதுகிறவருக்காவது அந்த 60 நாள் நிபந்தனையை நிறைவேற்ற வழி இருக்கிறது. ஏற்கெனவே ஒருமுறை தோற்று அடுத்த சில மாதங்களுக்குள் இவர்களிடம் வந்தவரால் அது முடியவே முடியாது. 90 நாளுக்கு முன் தேர்வு மையத்தில் தேதியே கிடைக்காது. வகுப்பின் பெயரோ ‘மறுதேர்வர் சிறப்பு வகுப்பு’. யாரால் பணம் திரும்பக் கேட்கவே முடியாதோ, அவர்களுக்கு மட்டும் விற்கும் உத்தரவாதம். தற்செயலாக விழுந்த நிபந்தனை என்று நான் நம்பவில்லை.

எழுதிக் கேட்டேன். தேர்வு அமைப்பின் விதிகளுக்குத் தாங்கள் பொறுப்பில்லை என்றார்கள். வேண்டுமானால் அதே வகுப்பில் இன்னொரு முறை இலவசமாக உட்காரலாமாம். அதே ஒலிப்பதிவு.

அலுவலகத்தில் எனக்கு மூத்தவர் ஒருவர், இந்தப் பட்டத்தைப் பல வருடம் முன்பே வாங்கியவர். அவரிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். முழுவதும் கேட்டுவிட்டு, “டெர்ம்ஸை எப்பம்மா படிச்சே?” என்றார். பதில் சொல்லாமல் டீ குடித்தேன்.

என் பேட்சில் அப்போதுதான் கல்லூரி முடித்த ஒரு தம்பியும் இருந்தான். தேறிய உடனே பெயருக்குப் பின்னால் பட்டத்தைப் போட்டுக்கொள்ளலாம் என்று அவனிடம் சொல்லியிருந்தார்கள். தேர்வு பாதிதான். ஐந்து வருடப் பணி அனுபவம் காட்டி விண்ணப்பித்தால்தான் சான்றிதழ். படிப்பு முதலியவற்றுக்காக அதிகபட்சம் மூன்று வருடம் கழித்துக்கொள்ளலாம். தேறிய பிறகு விண்ணப்பிக்க ஐந்து வருட அவகாசம் உண்டு, அதனால் இப்போது எழுதுவதில் தப்பில்லை. ஆனால் நாளைக்கே வேலையில் பதவி உயர்வு என்று கணக்குப் போட்டு, வீட்டில் கடன் வாங்கிக் கட்டியிருந்தான். என் பணத்தைவிட அவன் பணம்தான் எனக்கு உறுத்துகிறது.

எனக்குக் கிடைத்த 90 நாளை வீணாக்கவில்லை. அதிகாரபூர்வக் கையேடும் ஐசாக்காவே விற்கும் கேள்வி வங்கியும் மட்டும் வைத்துக்கொண்டேன். ஒரு நாளைக்கு முப்பது கேள்விக்கு மேல் தொடவில்லை. ஒவ்வொரு கேள்விக்கும் சரியான விடை ஏன் சரி என்பதை விட்டுவிட்டு, மற்ற மூன்றும் ஏன் தப்பு என்று ஒரு நோட்டில் எழுதினேன். மெதுவான வேலை, முதல் மாதம் எரிச்சலாக இருந்தது. நோட்டு நிரம்ப நிரம்ப, என் தப்புகளில் பெரும்பாலானவை ஒரே வகை என்று தெரிந்தது: தணிக்கையாளராக யோசிக்காமல், பிரச்சினையைச் சரிசெய்யப் போகிற ஐடி ஆளாக யோசித்திருக்கிறேன். முதல் தோல்விக்கும் அதுதான் காரணமாக இருந்திருக்க வேண்டும். இதை அந்த வகுப்பில் யாரும் சொல்லவில்லை.

மூன்றாம் முறை தேறினேன். அந்தப் பழைய குழுவிலிருந்து நான் இன்னும் வெளியேறியிருக்கவில்லை. விஷயம் தெரிந்த அந்தத் தம்பி அங்கே வாழ்த்துச் சொல்லிவிட்டான். அரை மணி நேரத்தில் நிறுவனத்திலிருந்து தனியாகச் செய்தி வந்தது. பல மாதம் மெயிலுக்குப் பதில் போடாதவர்கள். “வாழ்த்துகள் மேடம்! எங்கள் சாதனையாளர் பட்டியலுக்கு ஒரு போட்டோவும் ரெண்டு வரியும் அனுப்ப முடியுமா?”

முதலில் என் பணம் என்று பதில் அனுப்பினேன். அந்தக் கோரிக்கை முடித்துவைக்கப்பட்டுவிட்டது, போட்டோ மட்டும் போதும் என்றார்கள். நான் அனுப்பவில்லை.

அடுத்த வாரம் அவர்கள் பக்கத்தில் போய்ப் பார்த்தேன். பட்டியலில் என் பெயர் இருந்தது. படம் இருக்க வேண்டிய வட்டத்தில் வெறும் முதலெழுத்து. அதன் கீழே பச்சை நிறத்தில், ‘முதல் முயற்சியிலேயே தேர்ச்சி’.