தடுப்பூசி கேரியர்: மருந்துக்கு நாலரை ஸ்டார், தோளுக்கு இரண்டு

மிக்ஸிக்கும் ஹெட்போனுக்கும் பக்கம் பக்கமாக விமர்சனம் எழுதுகிறார்கள். புதன்கிழமை வந்தால் தடுப்பூசி மருந்தை வைத்து நாங்கள் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பும் நீலப் பெட்டியைப் பற்றியும் யாராவது எழுதலாமே என்று தோன்றியது. இது நீங்கள் கடையில் போய் வாங்கும் சாமான் இல்லை, அரசு கொடுப்பது. அதனால் என்ன, சுமக்கிறவளுக்குக் கருத்து இருக்காதா? நான் கொல்லிமலையில் கிராம சுகாதார செவிலியர். ஊரில் எல்லோருக்கும் "சிஸ்டர்".

முதலில் பெட்டி எப்படி இருக்கும் என்று சொல்லிவிடுகிறேன். தடித்த பிளாஸ்டிக் சுவர், அதற்குள் ஃபோம். நாலு பக்கமும் நாலு ஐஸ் பேக், ஒவ்வொன்றிலும் 400 மில்லி தண்ணீர். நடுவில் இருக்கும் இடம் 2 லிட்டருக்கும் குறைவு. அதில் பதினாறிலிருந்து இருபது குப்பி வரை, ஜிப் வைத்த பாலிதீன் கவரில் போட்டு வைப்போம். பென்டா (ஐந்து நோய்க்கு ஒரே ஊசி), எம்ஆர் (தட்டம்மை, ரூபெல்லா), போலியோ, ரோட்டா (வயிற்றுப்போக்கு), பிசிவி (நிமோனியா) என்று இப்போது பட்டியல் நீளம். எல்லாவற்றையும் 2 டிகிரியிலிருந்து 8 டிகிரிக்குள் வைத்திருக்க வேண்டும். பெட்டியின் வேலை அவ்வளவுதான்.

அந்த வேலையைப் பெட்டி நன்றாகவே செய்கிறது. அடிக்கடி திறக்காமல் இருந்தால் 12 மணி நேரம் தாங்கும் என்று பயிற்சியில் சொல்வார்கள். சித்திரை வெயிலில், தகரக் கூரை போட்ட கட்டடத்தில் மதியம் வரை வைத்திருந்து திரும்பக் கொண்டுவந்து திறந்தாலும் பேக்குக்குள் ஐஸ்கட்டி கடகடவென்று ஆடும். விவிஎம் என்று குப்பியின் மேல் ஒரு வட்டமும் அதற்குள் ஒரு சதுரமும் ஒட்டியிருக்கும். சூடு பட்டால் சதுரம் கறுக்கும். வட்டத்தின் நிறத்துக்கு வந்துவிட்டால் அந்தக் குப்பி குப்பைக்குத்தான். நான் கொண்டுபோன பெட்டியில் சூட்டினால் ஒரு குப்பிகூட அப்படி ஆனதில்லை.

சூடு சரி. எங்களுக்குத் தொல்லை குளிர்தான். டீப் பிரீசரிலிருந்து எடுத்த ஐஸ் பேக்கை அப்படியே பெட்டிக்குள் அடுக்கக் கூடாது. வெளியே வைத்து, மேலே படிந்த வெண்பனி போய், வேர்த்து, காதருகே வைத்துக் குலுக்கினால் உள்ளே தண்ணீர்ச் சத்தம் கேட்க வேண்டும். இதற்குக் கண்டிஷனிங் என்று பெயர். அவசரப்பட்டுக் கல்லு மாதிரி இருக்கும் பேக்கை வைத்தால் பென்டா, டிடி (டெட்டனஸ், டிப்தீரியா), பிசிவி எல்லாம் உறைந்துவிடும். உறைந்து உருகிய மருந்து பார்ப்பதற்கு நல்ல மருந்து போலத்தான் இருக்கும், ஆனால் வேலை செய்யாது. விவிஎம்மும் காட்டிக்கொடுக்காது, அதற்குச் சூடு மட்டும்தான் தெரியும். சந்தேகம் வந்தால் உறைந்ததாகத் தெரிந்த ஒரு குப்பியையும் இதையும் ஒன்றாகக் குலுக்கி வைத்து, எது சீக்கிரம் அடியில் படிகிறது என்று பார்க்கும் ஷேக் டெஸ்ட் ஒன்றுதான் வழி.

கீழே நாமக்கல்லில் இந்தப் பேக் சீக்கிரம் வேர்த்துவிடும். மார்கழி மாதம் மலையில், விடிந்தும் விடியாத நேரத்தில் அது வேர்க்கவே வேர்க்காது. பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு நிற்கும், ஐஸ் பேக் சத்தம் போடாது. அந்தப் பஸ்ஸை விட்டால் அடுத்தது எப்போது என்று டிரைவருக்கே தெரியாது. எத்தனை மார்கழியில் பேக்கைக் கையில் உருட்டிக்கொண்டு நின்றிருக்கிறேன்!

உறையவிடாத கேரியர் என்று இப்போது ஒன்று இருக்கிறது. பாத் (PATH) என்ற சுகாதார அமைப்பு வடிவமைத்தது, உலக சுகாதார நிறுவனத்தின் ஒப்புதலும் பெற்றுவிட்டது. பேக்குக்கும் மருந்துக்கும் நடுவே கூடுதலாக ஓர் அடுக்கு இருப்பதால் ஐஸ் பேக்கை எடுத்த கையோடு அடுக்கலாம், கண்டிஷனிங் வேண்டாம். எனக்கு இது வந்தால் மார்கழி பிரச்சினை தீரும். ஆனால் இது பழைய பெட்டியைவிடப் பெரிது, கனமும் கூட. அங்கேதான் எனக்கு இடிக்கிறது.

கனம் என்றால் சும்மா இல்லை. ஐஸ் பேக்கின் தண்ணீர் மட்டுமே ஒன்றரைக் கிலோவுக்கு மேல், அப்புறம் பெட்டி. இன்னொரு தோளில் பை: சிரிஞ்சு, ஊசி வெட்டும் ஹப் கட்டர், அவசர மருந்துப் பெட்டி, ரிஜிஸ்டர், கழிவு போடச் சிவப்புக் கவர், கறுப்புக் கவர். கேரியரின் வாரோ மெல்லிய நைலான், பட்டை இல்லை, பஞ்சு இல்லை. யூனிஃபார்ம் சேலையின் மேல் போட்டால் வழுக்கும், இழுத்துப் பிடித்தால் கழுத்தை அறுக்கும். பஸ் போகாத ஊருக்கு ஒற்றையடிப் பாதையில் ஏறும்போது இடுப்பில் இடித்துக்கொண்டே வரும். ஏழாம் மாத வயிற்றோடும் இதைத் தூக்கியிருக்கிறேன். பொறுக்க முடியாமல் துண்டைச் சும்மாடு கட்டித் தலையில் ஏற்றிக்கொண்ட தோழிகளும் உண்டு. வடிவமைத்தவர்கள் உள்ளே இருக்கும் மருந்துக்கு டிகிரி கணக்குப் பார்த்தார்கள். சேலை கட்டிய ஐந்தடிப் பெண்தான் தூக்கப் போகிறாள் என்று அளவெடுத்ததாகத் தெரியவில்லை. தடுப்பூசி போடும் வேலையில் களத்தில் நடப்பவர்கள் கிட்டத்தட்ட எல்லோருமே பெண்கள்தானே. மருந்தைக் கொண்டுவந்து கொடுக்கத் தனி ஆள் வைத்துக்கொள்ள திட்டத்திலேயே வழி இருக்கிறது. அந்த ஆள் வரும் ஊர் புண்ணியம் செய்த ஊர்.

சரி, பெட்டி போகாவிட்டால் என்ன ஆகும்? அதையும் பார்த்தாயிற்று. 2008-ல் திருவள்ளூர் மாவட்டத்தில் தட்டம்மை ஊசிக்குப் பிறகு நான்கு குழந்தைகள் இறந்தார்கள். அதன் பிறகு ஊசி என்றால் டாக்டர் இருக்கும் ஆரம்ப சுகாதார நிலையத்தில்தான் என்று கொண்டுபோனார்கள். பாதுகாப்புக்காகச் செய்தது, குறை சொல்ல மாட்டேன். ஆனால் தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பைப் பாருங்கள். எல்லா ஊசியும் போட்ட குழந்தைகள் தமிழ்நாட்டில் 2005-06-ல் நூற்றுக்கு 81 பேர், 2015-16-ல் 70 பேர், 2019-21-ல் 89 பேர். நடுவில் சரிந்ததற்குப் பல காரணம் சொல்வார்கள், என் கணக்கில் தூரமும் ஒன்று. நான் பெட்டியைத் தூக்காவிட்டால் அம்மா பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வர வேண்டும். காப்பிப் பழம் பறிக்கும் சீசனில் அவளுக்கு அன்றைய கூலி போச்சு. பெரிய பிள்ளையை யார் பார்ப்பது, மாமியார் என்ன சொல்வார், இதெல்லாம் தனி. "அவர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு அடுத்த வாரம் வரேன் சிஸ்டர்" என்பார்கள். கேட்க வேண்டிய அவர் திருப்பூரில் இருப்பார்.

செல்போனும் அப்படித்தான். பதிவு செய்த நம்பர் பெரும்பாலும் வீட்டுக்காரர் நம்பர். அடுத்த ஊசிக்கான மெசேஜ் திருப்பூரில் கம்பெனி ஷிப்டில் இருக்கும் மனிதருக்குப் போகும். இவளுக்கு எப்படித் தெரியும்? நான் அட்டையில் பேனாவால் தேதியை வட்டமிட்டுக் கொடுத்துவிடுகிறேன்.

ஒன்று சொல்ல வேண்டும், பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தனியாக வரும் அப்பாக்கள் இப்போது ஓரிருவர் தென்படுகிறார்கள். ஊசி போடும்போது குழந்தையைவிட அவர்கள்தான் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள்.

ஆக, மதிப்பெண் மேலே தலைப்பிலேயே இருக்கிறது. குளிர்ச்சிக்கு அரை ஸ்டார் குறைத்தது மார்கழிக்காக. தோளுக்கு இரண்டு ஸ்டார் கொடுத்ததே மூடியின் கொக்கி நன்றாக இருப்பதால்தான், எத்தனை முறை கீழே விழுந்தும் திறந்துகொள்ளவில்லை.

புதுப் பெட்டி ஆர்டர் போடுகிறவர்கள் யாராவது இதைப் படித்தால்: முதுகில் பையாக மாட்டும்படி இரண்டு வார், அகலமாக, பஞ்சு வைத்து. எடையைச் சொல்லும்போது காலிப் பெட்டியின் எடையைச் சொல்லாதீர்கள், நாலு பேக்கும் மருந்தும் வைத்த எடையைச் சொல்லுங்கள். வாங்குவதற்கு முன்னால் ஒரு நர்ஸிடம் கொடுத்து, எங்கள் மலையில் செம்மேட்டிலிருந்து ஏதாவது ஒரு குக்கிராமத்துக்கு நடக்கச் சொல்லுங்கள். பெட்டி ஏற்கெனவே கையில் இருக்கும் தங்கைகளுக்கு: வேலை முடிந்ததும் துடைத்து, மூடியைத் திறந்தே வையுங்கள், இல்லாவிட்டால் பூஞ்சை பிடிக்கும். நாற்காலி இல்லையென்று அதன்மேல் உட்காராதீர்கள். மூடி வளைந்தால் காற்று புகும், அப்புறம் 12 மணி நேரமெல்லாம் தாங்காது.