கொரில்லா பார்க்க உகாண்டா போகிறவர்களுக்கு: பெர்மிட்டைச் சரிபார்க்காமல் மீதிப் பணம் அனுப்பாதீர்கள்

உகாண்டாவில் மலைக் கொரில்லா பார்க்க ஏற்பாடு செய்துகொண்டிருப்பவர்கள், அதுவும் ஜூன் முதல் செப்டம்பர் வரையான சீசனில் போகிறவர்கள், ஏஜென்டுக்கு முழுப் பணத்தையும் அனுப்புவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். நான், என் தம்பி, ஒரு நண்பர் என்று மூன்று பேருக்குப் பணம் கட்டினோம். கொரில்லா பார்த்தது இரண்டு பேர். பார்க்காத ஆள் நான்.

இந்தப் பயணத்தில் எல்லாமே பெர்மிட்டைச் சுற்றித்தான் நடக்கிறது. மலைக் கொரில்லாக்கள் உலகத்திலேயே ஆயிரத்துச் சொச்சம்தான். உகாண்டாவின் புவிண்டி காட்டுப் பகுதியிலும், உகாண்டா, ருவாண்டா, காங்கோ மூன்றும் சேருகிற விருங்கா எரிமலைத் தொடரிலும் மட்டும்தான் இருக்கின்றன. மனிதர்களுக்குப் பழக்கப்படுத்திய ஒரு கொரில்லாக் குடும்பத்தைப் பார்க்க ஒரு நாளைக்கு 8 பேருக்குத்தான் அனுமதி, அதுவும் ஒரே ஒரு மணி நேரம். வெளிநாட்டுக்காரர்களுக்கு உகாண்டாவில் ஒரு பெர்மிட் 800 டாலர்; 2024 ஜூலைக்கு முன் 700 ஆக இருந்தது. ருவாண்டாவில் 2017 முதலே 1,500. உகாண்டாவில் பெர்மிட் கொடுப்பது அந்நாட்டு வனவிலங்கு ஆணையம். ஏஜென்ட் எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும் அங்கே வாங்கித்தான் நமக்குத் தர முடியும்.

எங்கள் ஏஜென்ட் கம்பாலாவில் சின்னதாக ஒரு டூர் நிறுவனம் நடத்துபவர். பெயர் சொல்லப் போவதில்லை. இணையதளம் நன்றாக இருந்தது, விமர்சனங்களும் நன்றாகவே இருந்தன. வாட்ஸ்அப்பில் எப்போது கேட்டாலும் ஐந்து நிமிடத்தில் பதில் வரும். மற்றவர்கள் சொன்ன விலைக்கும் இவர் சொன்னதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. ஆளைக் கவிழ்க்கிற மலிவு விலையாக இருந்தால் அப்போதே விலகியிருப்போம். பெர்மிட்டுக்கு மட்டும் முழுத் தொகையையும் முன்னாலேயே கட்டச் சொன்னார். அது நியாயமான கேள்வியாகத்தான் பட்டது. மூன்று பேருக்கும் சேர்த்து 2,400 டாலரை வங்கி மூலம் அனுப்பினோம். பாஸ்போர்ட் நகலும் போனது.

அதற்கப்புறம்தான் ஆரம்பித்தது. பெர்மிட் நகல் அனுப்புங்கள் என்று கேட்டால், “புக் ஆகிவிட்டது பிரதர், பிரிண்ட் மட்டும்தான் பாக்கி” என்பார். அடுத்த முறை சிஸ்டம் வேலை செய்யவில்லை. அதற்கடுத்த முறை ஆபீஸ் லீவு. கிளம்புவதற்குக் கொஞ்ச நாள் இருக்கும்போது ஒரு வழியாக மூன்று பிடிஎஃப் வந்தது. மூன்றிலும் எங்கள் பெயர், ஒரே தேதி, புவிண்டி காட்டின் புஹோமா பகுதி. லாட்ஜ், வண்டி எல்லாவற்றுக்குமான மீதிப் பணத்தையும் அன்றைக்கே வாங்கிக்கொண்டார்.

என்டெபி விமான நிலையத்தில் இறங்கியபோது டிரைவர் வந்திருந்தார், வண்டியும் நல்ல வண்டி. மசாகா சாலையில் பூமத்திய ரேகைக் கோட்டில் நின்று எல்லோரையும் போல ஃபோட்டோ எடுத்துக்கொண்டோம். வழியில் ம்பராரா நகரில் டிரைவர் தயங்கித் தயங்கி டீசலுக்குப் பணம் கேட்டார். முதலாளி அனுப்பியது அதுவரைக்கும்தான் வந்ததாம். அங்கேயே வயிற்றில் லேசாகப் புளி கரைத்தது. மாலையில் போய்ச் சேர்ந்த லாட்ஜும் நாங்கள் பேசியது இல்லை. காட்டு வாசலில் இருந்து நடந்து போகிற தூரம் என்று சொல்லியிருந்தார், இது மேடு பள்ளத்தில் ஒரு மணி நேரம் வண்டியில் போகிற தூரம். சரி, ஒரு ராத்திரிதானே என்று விட்டுவிட்டோம்.

மறுநாள் காலை புஹோமாவில் பதிவு. மேசையில் ஒரு பெண் ரேஞ்சர், முன்னால் அச்சடித்த பட்டியல். பாஸ்போர்ட்டை வாங்கி, பேனா முனையால் பெயர்களை ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டே கீழே போனார். தம்பி பெயருக்கு ஒரு டிக், நண்பர் பெயருக்கு ஒரு டிக். என் பெயருக்குக் கடைசி வரை போய்விட்டு மறுபடி மேலே வந்தார். அடுத்த தாளையும் பார்த்தார். அப்புறம் என் ஃபோனில் இருந்த பிடிஎஃப்பைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, பக்கத்தில் தம்பியுடையதை வைத்துக் காட்டினார். என்னுடையதில் பெர்மிட் எண்ணின் கடைசி இரண்டு இலக்கங்கள் மட்டும் மற்ற எழுத்தைவிட ஒரு மயிரிழை தடிமனாக இருந்தன. பெயர் எழுதியிருந்த வரியும் கொஞ்சம் சரிந்திருந்தது. தம்பியின் பெர்மிட்டை எடுத்து என் பெயரை ஒட்டியிருக்கிறார்கள். ரேஞ்சர் யாருக்கோ ஃபோன் போட்டுக் கேட்டார். அந்த எண் வேறு யாருக்கோ, வேறு தேதிக்கு.

அன்றைக்கு எல்லாக் குடும்பத்துக்கும் 8 பேர் நிரம்பிவிட்டது. ஒன்பதாவதாக ஒருவரைச் சேர்க்கவே மாட்டார்கள், கெஞ்சினாலும் பணம் கொடுத்தாலும். அதில் அவர்கள் மேல் எனக்குத் துளியும் வருத்தமில்லை. நம்முடைய சளியும் இருமலும் கொரில்லாவுக்குத் தொற்றினால் குடும்பமே போய்விடும், அதனால்தான் அந்தக் கணக்கு. சளி பிடித்திருந்தால் உண்மையான பெர்மிட் வைத்திருப்பவரையே திருப்பி அனுப்பிவிடுவார்கள். தம்பி “நானும் போகலண்ணா” என்று நின்றான். 800 டாலர், போடா என்று தள்ளி அனுப்பினேன்.

ஏஜென்ட் நான்காவது அழைப்பில் எடுத்தார். பதற்றமே இல்லை. முதலில் ஆணையத்தின் தப்பு என்றார். அப்புறம், நாளைக்குப் புவிண்டியின் இன்னொரு பகுதியான ருஷாகாவில் ஒரு இடம் காலியிருக்கிறது, இப்போதைக்கு நீங்கள் 800 கட்டுங்கள், ஊருக்குப் போனதும் திருப்பி அனுப்புகிறேன் என்றார். வாசல் அலுவலகத்திலேயே கேட்டுப் பார்த்தேன்; அந்த வாரம் ருஷாகாவில் இடமே இல்லை. இல்லாத இடத்துக்கு இரண்டாவது முறை பணம் கேட்டிருக்கிறார்.

அதற்கடுத்து அவர் சொன்னதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. எல்லைக்குப் பக்கத்து ஊரான கிசோரோ வரை போனால் புனகானாவில் எல்லை தாண்டிக் காங்கோவுக்குள் கூட்டிப் போக ஆள் இருக்கிறதாம், அங்கே பெர்மிட் 400 டாலர்தானாம். புனகானாவை 2022 ஜூனில் எம்23 கிளர்ச்சிப் படை பிடித்தது. போகாத ஊருக்கு வழி காட்டுகிற மாதிரி ஒரு சுற்றுலாப் பயணியை அங்கே போகச் சொல்கிறார்! காங்கோ பக்கம் பாதி விலை என்று யாராவது உங்களிடமும் சொன்னால், அந்தப் பேச்சை அங்கேயே முடித்துவிடுங்கள்.

என்ன நடந்திருக்கும் என்பதை அன்று பகல் முழுக்க என்னுடன் உட்கார்ந்திருந்த டிரைவர்தான் விளக்கினார். பாவம், அவர் தினக்கூலி ஆள். முந்தைய பயணத்துக்கான கூலியே அவருக்கு வரவில்லை. சில ஏஜென்டுகள் நாம் கட்டும் பெர்மிட் பணத்தை எடுத்து, அதற்கு முன் பணம் கட்டியவர்களுக்குப் பெர்மிட் வாங்குவார்களாம். நமக்கு வாங்குவது அடுத்து வருபவர் பணத்தில். யாராவது ரத்து செய்த இடம் கடைசியில் கிடைத்தால் பிழைத்துக்கொள்வார்கள். சீசனில் அப்படிக் கிடைக்காது. எங்கள் விஷயத்தில் இரண்டு கிடைத்திருக்கிறது, மூன்றாவதுக்குக் கத்தரிக்கோல் எடுத்துவிட்டார்.

இனிப் போகிறவர்கள் செய்ய வேண்டியது இதுதான். பெர்மிட் பணம் கட்டியதும் சில நாட்களுக்குள் நகல் வர வேண்டும். வந்ததும் அதிலுள்ள எண், பெயர், தேதி, பகுதி எல்லாவற்றையும் எழுதி, ஆணையத்தின் முன்பதிவுப் பிரிவுக்கே மின்னஞ்சல் அனுப்பிக் கேளுங்கள். ஏஜென்ட் கொடுக்கும் முகவரி வேண்டாம், ஆணையத்தின் இணையதளத்தில் இருப்பதையே எடுங்கள். அதற்குப் பதில் வரும் வரை லாட்ஜ், வண்டிப் பணத்தை அனுப்பாதீர்கள். ஒரு குழுவாகப் போனால் ஒவ்வொருவர் பெர்மிட்டையும் தனித்தனியாகக் கேளுங்கள், ஒன்று சரியாக இருந்தால் எல்லாம் சரி என்று இல்லை. உகாண்டா டூர் நடத்துநர் சங்கத்தில் அந்த நிறுவனம் உறுப்பினரா என்றும் பாருங்கள்.

பகுதியை ஏன் பார்க்கச் சொல்கிறேன் என்றால், புவிண்டியில் புஹோமா, ருஹிஜா, ருஷாகா, ந்குரிங்கோ என்று நான்கு இடங்களில் இருந்து ஏறுவார்கள். வரைபடத்தில் பக்கத்துப் பக்கத்தில் தெரியும், மலைச் சாலையில் மணிக்கணக்கு ஆகும். பெர்மிட் ருஷாகாவுக்கு, லாட்ஜ் புஹோமாவில் என்று போட்டுவிட்டால், உண்மையான பெர்மிட்டே கையில் இருந்தும் காலை எட்டு மணிக்குப் போய்ச் சேர முடியாமல் எல்லாம் வீணாகும்.

800 டாலருக்குக் கீழே யாராவது தள்ளுபடி என்று சொன்னாலும் யோசியுங்கள். கிழக்கு ஆப்பிரிக்கக் குடிமக்களுக்குக் கட்டணம் மிகக் குறைவு. அந்தக் கணக்கில் உங்களுக்கு எடுத்துக் கொடுத்தால் வாசலில் இந்தியப் பாஸ்போர்ட்டை நீட்டும்போது நிற்காது. முடிந்தால் கிரெடிட் கார்டில் கட்டுங்கள். நாங்கள் வங்கி மாற்றலில் அனுப்பியதால், பணம் நீங்கள் சொன்ன கணக்குக்குத்தானே போயிருக்கிறது என்று வங்கியில் கையை விரித்துவிட்டார்கள்.

இதில் சேராத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், ஏஜென்ட் எங்களுக்குச் சொல்லாதது: மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி. பயணத்துக்குப் பத்து நாள் முன்னாலாவது போட்டிருக்க வேண்டும், சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போடுகிறார்கள். சான்றிதழ் இல்லாமல் உகாண்டாவில் இருந்து திரும்பினால் இந்தியாவில் ஆறு நாள் வரை தனிமைப்படுத்திவிடுவார்கள்.

தம்பியும் நண்பரும் மதியத்துக்கு மேல் சேறும் சகதியுமாக இறங்கி வந்தார்கள். குட்டி ஒன்று பெரிய ஆண் கொரில்லாவின் முதுகில் ஏறிச் சறுக்கி விளையாடியதாம். என் முகத்தைப் பார்த்து அதற்கு மேல் சொல்லாமல் நிறுத்திக்கொண்டார்கள்.

கம்பாலா வந்ததும் போலீசில் எழுத்துமூலம் புகார் கொடுத்தேன், ஆணையத்துக்கும் அந்தப் பிடிஎஃப்பை அனுப்பிவைத்தேன். ஏஜென்ட் முதலில் அடுத்த வருடம் இலவசமாகக் கூட்டிப் போகிறேன் என்று குரல் செய்தி அனுப்பினார். நான் பணத்தைத்தான் கேட்டேன். கடைசியாக, இதைப் பற்றி எங்கேயும் எழுதாமல் இருந்தால் 300 டாலர் திருப்பித் தருவதாகச் சொல்லியிருக்கிறார்.