பூச்சியத்தை மட்டும் பார்த்து வேணியர் வாங்காதீர்கள்

யாழ்ப்பாண நகரிலுள்ள வன்பொருள் கடையொன்றில், புகழ்பெற்ற ஜப்பானிய நிறுவனமொன்றின் பெயர் பொறித்த வேணியர் இடுக்கிமானி (பொருளைத் தாடைகளுக்கிடையில் இடுக்கி, மில்லிமீற்றரின் பின்னம் வரை அளக்கும் கருவி) ஒன்றை எனது லேத் பட்டறைக்காக வாங்கினேன். இழிவெண்ணிக்கை, அதாவது அதனால் வாசிக்கக்கூடிய மிகச்சிறிய அளவு, 0.02 மில்லிமீற்றர் என்று அதன் உடலிலேயே எழுதியிருந்தது.

தோட்டக்காரர் ஒருவரின் பழைய தண்ணீர்ப் பம்புக்கு ஓர் அங்குலச் சாஃப்ட் (சுழல்தண்டு) கடைந்தபோது வேணியர் 25.40 காட்டியது. ஆனால் தட்டி இறக்கவேண்டிய பெயாரிங் கையாலேயே வழுக்கி இறங்கியது. அயல் பட்டறையில் இருந்த, இன்னும் நுண்மையாக அளக்கும் மைக்ரோமீற்றர் 25.36 என்றது. அப்படியே பூட்டியிருந்தால் பெயாரிங்கின் உள்வளையம் சாஃப்டின்மேல் சுழன்று, சூடேறி, இரண்டையும் கெடுத்திருக்கும்.

கடைக்காரர் தாடைகளை மூடிக் காட்டி, "பூச்சியம் சரியாத்தானே நிக்குது அண்ணை, பிறகென்ன?" என்று கேட்டு, மாற்றித்தர மறுத்துவிட்டார். பூச்சியம் சரியாகத்தான் நின்றது. மோசம் அதற்கடுத்த கீறுகளில் இருந்தது. இவ்வகைக் கருவியில், வேணியர் எனப்படும் நகரும் சிறு அளவிடையில் 49 மில்லிமீற்றர் நீளம் 50 சம பிரிவுகளாக்கப்பட்டிருப்பதால், தாடைகளை மூடியதும் வேணியரின் கடைசிக் கீறு பிரதான அளவிடையின் 49ஆம் கீறுடன் பொருந்தவேண்டும். என்னுடையதில் அது ஏறத்தாழ 0.1 மில்லிமீற்றர் தாண்டி நிற்பது உருப்பெருக்கியில் தெரிந்தது. அதனால் இரு அளவிடைகளுக்குமிடையில் ஒரு பிரிவுக்கு 0.02 ஆக இருக்கவேண்டிய வித்தியாசம் 0.018 ஆகச் சுருங்கி, 18ஆம் கீறுக்குப் பதிலாக 20ஆம் கீறு பொருந்த, 0.36 என்பது 0.40 ஆகிவிடுகிறது.

இதில் பொல்லாத விடயம் என்னவென்றால், முழு மில்லிமீற்றர் அளவுகளில் பூச்சியக் கீறே பொருந்துவதால் இப்பிழை தலைகாட்டாது. 6204 பெயாரிங்கின் 20 மில்லிமீற்றர் துளையை அளந்து சோதித்தால் இந்தக் கருவியும் தேறிவிடும். ஃபீலர் கேஜ் எனப்படும், தடிப்பு குறிக்கப்பட்ட மெல்லிய தகடுகளை 0.80 வரும்படி சேர்த்து இடுக்கிப் பாருங்கள். எனது கருவி 0.88 என்றது. அதே கடையில் வாங்கிய உருக்கு அடிமட்டத்தைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. அரை மில்லிமீற்றர் கீறுகள் பொறிக்கப்படாமல் அச்சிடப்பட்டிருந்தமையால் மண்ணெண்ணெய்த் துணி பட்டதும் அழிந்துபோயின.

பற்றுச்சீட்டில் "வேணியர் 1" என்று மட்டுமே எழுதித் தந்திருந்தார்கள். தயாரிப்பாளர் பெயரையும் இழிவெண்ணிக்கையையும் எழுதுவித்து வாங்குங்கள்; எழுதித்தர மறுக்கும் கடையில் வாங்கவேண்டாம். நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையின் 1977 என்ற இலக்கத்துக்கு முறையிடும்போதும், எழுத்தில் முறைப்பாடு கொடுக்கும்போதும் உங்கள் கையில் சான்றாக இருக்கப்போவது அந்தச் சீட்டுத்தான்.