ஒபரேட்டருக்கு ஒரு கிளாஸா, எல்லாத்துக்கும் ஒரு டேபிளா?

கொட்பேயில இறங்குற மீன் லொட் கணக்கு சிஎஸ்வி ஃபைலா குவிஞ்சு கிடக்குது, அதுக்கு மேல எஸ்கியூஎல் ஓட்ட ஒரு சின்ன எஞ்சின் நானும் கூட்டாளி ஒருத்தனும் திருமலையில இருந்து எழுதிட்டிருக்கிறம். பார்சர் (எழுதின எஸ்கியூஎல்லைப் பிரிச்சு ஒரு மரமாக்கிற பகுதி) முடிஞ்சு ஒப்டிமைசருக்கு (அந்த மரத்தைக் கெதியா ஓடுற மாதிரி மாத்துற பகுதி) வந்தா முதல் கேள்வியே இதுதான்: "நிறை > 5" எண்ட கண்டிஷன்ல இருக்கிற அந்த > ஒபரேட்டரை உள்ளுக்க என்னெண்டு வைக்கிறது? மூண்டு வழி பாத்தம், மூண்டாவதை எடுத்தம், அதால அந்தப் பக்கம் சாய்ஞ்சுதான் எழுதுவன்.

முதலாவது ஸ்பார்க் எண்ட டேட்டா எஞ்சினின்ர ஒப்டிமைசரான கேட்டலிஸ்டின்ர வழி, ஒவ்வொரு ஒபரேட்டருக்கும் தனிக் கிளாஸ். ஈக்வல்டூ, லெஸ்தான் எண்டு ஸ்காலா மொழியின்ர கேஸ் கிளாஸ் இருக்கும், ரூலை (மரத்தை எப்பிடி மாத்துறது எண்ட விதியை) பேட்டர்ன் மேட்ச்ல எழுதினா வாசிக்கவே வடிவா இருக்கும். ரெண்டாவது டேட்டாஃபியூஷன் எண்ட கியூரி எஞ்சின் மாதிரி பைனரிஎக்ஸ்ப்பிர் எண்ட ஒரே நோட் (மரத்தில ஒரு கணு), இடம், வலம், நடுவில ஒரு ஈனம் (enum, ஒபரேட்டர் பேர்களின்ர பட்டியல்). கெதியா எழுதி முடிக்கலாம். மூண்டாவது போஸ்ட்கிரெஸ் எண்ட டேட்டாபேஸின்ர வழி, நோட்டுக்குள்ள ஒபரேட்டரின்ர நம்பர் மட்டும்தான், அதின்ர குணம் எல்லாம் பிஜி_ஆபரேட்டர் எண்ட கேட்டலொக் டேபிள்ல வரிசை வரிசையா இருக்கும்.

மெமரி, வேகம் எல்லாம் எங்கட அளவுக்கு ஒரு பிரச்சினையே இல்லை, விடுங்க. எனக்கு முடிவைத் தந்தது பராமரிப்பு, அதாவது நாளைக்குப் புதுசா ஒரு ஒபரேட்டர் வந்தா எத்தினை இடத்தில கை வைக்கோணும் எண்டது.

ஆரோ "5 < நிறை" எண்டு எழுதினா ஒப்டிமைசர் அதை "நிறை > 5" எண்டு திருப்போணும், அப்பதான் கொலம் இடப்பக்கம் வந்து இண்டெக்ஸோட பொருந்தும். போஸ்ட்கிரெஸ்ல இன்டிஜருக்கான < 97ஆம் நம்பர், அந்த வரிசையிலயே திருப்பினா 521, அதாவது >, மறுத்தா (முன்னால நொட், NOT, போட்டா) 525, அதாவது >= எண்டு எழுதிக் கிடக்கு. ரூலுக்கு எந்த ஒபரேட்டர் எண்டே தெரியத் தேவையில்லை, "உனக்குத் திருப்பின சோடி இருக்கா" எண்டு கேட்டு இருந்தா மாத்தும், அவ்வளவுதான். போஸ்ட்கிரெஸோட சேர்க்கிற வரைபட எக்ஸ்டென்ஷனான போஸ்ட்ஜிஐஎஸ் கொண்டு வாற && மாதிரி ஒபரேட்டரும், ஒப்டிமைசர் எழுதினவை அதை நினைச்சுக்கூடப் பாக்காட்டியும், அதே ரூலுக்குள்ளால போகும்.

இதையே கிளாஸ் வழியில யோசிச்சுப் பாருங்க. நல்லும் (NULL, பெறுமதி இல்லாத வெற்றிடம்) நல்லும் சமம் எண்டு சொல்லுற அந்த ஈக்வல் ஒபரேட்டரைப் புதுசாச் சேர்க்கிறீங்க எண்டு வைப்பம். திருப்புற ரூல், மறுக்கிற ரூல், நல் வருமா எண்டு பாக்கிற இடம், ஹாஷ் ஜொயினுக்கு (ரெண்டு டேபிளைக் கெதியாச் சேர்க்கிற முறை) ஆகுமா எண்டு பாக்கிற இடம், எத்தினை ரோ வரும் எண்டு மதிக்கிற இடம், எல்லாத்திலயும் ஒவ்வொரு கேஸ். ஒண்டை விட்டாலும் கம்பைலர் வாய் திறக்காது, ஏனெண்டா கடைசியில "மற்றதெல்லாம் அப்பிடியே விடு" எண்டு ஒரு கேஸ் போட்டிருப்பம். விடையும் சரியா வரும், ஆனா ஹாஷ் ஜொயினுக்குப் பதிலா மெதுவான நெஸ்டட் லூப் ஓடும், ஆருக்கும் காரணம் விளங்காது. ரஸ்ட் மொழியில ஈனம் வச்சு அந்தக் கடைசிக் கேஸையும் போடாமல் இருந்தா கம்பைலர் கத்தும், அது நல்ல விசயம், ஒத்துக்கொள்ளுறன்.

டேபிள்ல இன்னொரு லாபம், டைப்புக்கு ஒரு வரிசை. ஃப்ளோட்ல (தசம நம்பர்) என்ஏஎன் (NaN, நம்பரே இல்லாத பெறுமதி) வந்தா ஐட்ரிபிள்ஈ (IEEE) தராதரப்படி a < b பொய், a >= b யும் பொய். அப்ப நொட் போட்ட < ஐ >= ஆக மாத்தினா விடையே பிழைக்கும். போஸ்ட்கிரெஸ் என்ஏஎன்னை எல்லா நம்பரையும் விடப் பெரிசு எண்டு வச்சிருக்கிறதால அதுக்குத் தப்பலாம், எங்கட எஞ்சின் அப்பிடி இல்லை. அதால ஃப்ளோட் வரிசையில மறுப்புச் சோடியை வெறுமையா விட்டம், இன்டிஜர் வரிசையில நிரப்பினம், ரூல்ல ஒரு எழுத்தும் மாறேல்ல. ஈனம் எண்டா எல்லா டைப்புக்கும் ஒரே லெஸ்தான், ரூலுக்குள்ள டைப் பாத்து இஃப் போடத் தொடங்கோணும்.

டேபிளிலயும் வில்லங்கம் இருக்கு. ஒரு வரிசையைப் பிழையா நிரப்பினா எரர் வராது, பிழையான விடைதான் வரும். ஆண்ட், ஓர் ரெண்டும் இதுக்குள்ள அடங்காது, போஸ்ட்கிரெஸே அதுகளுக்கு பூல்எக்ஸ்ப்பிர் எண்டு தனி நோட் வச்சிருக்கு, நாங்களும் அப்பிடியே செய்தம். ரூலை வாசிக்கிற புது ஆளுக்கு டேபிளையும் பக்கத்தில திறந்து வைக்கோணும், கேட்டலிஸ்ட் ரூல் மாதிரிப் பாத்த உடன விளங்காது. அதுக்காக கால்சைட் எண்ட இன்னொரு ஒப்டிமைசரிட்ட ஒண்டு எடுத்தம்: அங்க ரெக்ஸ்கோல் எண்ட ஒரே நோட் ஒபரேட்டர் ஒப்ஜெக்டைப் பிடிச்சிருக்கும், அதோட எஸ்கியூஎல்கைண்ட் எண்டு ஒரு ஈனமும் இருக்கும். எங்கட வரிசையிலயும் அப்பிடி ஒரு கைண்ட் போட்டதால சும்மா "இது ஈக்வலா" எண்டு பாக்கிற இடத்தில ஒரு வரியோட முடியுது.

கோட் ஜெனரேஷன் (எக்ஸ்பிரஷனை நேரா ஓடுற கோட்டா மாத்துறது) பக்கம் நான் இன்னும் போகேல்ல. ஸ்பார்க்ல ஒவ்வொரு எக்ஸ்பிரஷன் கிளாஸும் தன்ர கோட்டைத் தானே உருவாக்கும், அந்த வேலைக்கு இறங்கினா கிளாஸ் வழி சுகமா இருக்கலாம். வெளியாள் ஆரும் ஒபரேட்டர் சேர்க்கப் போறதில்லை, டைப்பும் நாலைஞ்சுதான், எழுதுறது ரஸ்ட்ல எண்டா ஈனமே காணும், டேபிளுக்கு மினக்கெடாதேங்க.