தைத்த சோல் என்று நம்பி வாங்கிய பூட்ஸ்: மரம் ஏறுவோருக்கு ஓர் எச்சரிக்கை

பட்டுப்போன மரம் ஒன்றை உச்சியிலிருந்து துண்டு துண்டாக வெட்டி இறக்கிக்கொண்டிருந்தபோது, என் வலது கால் பூட்ஸின் சோல் குதிகால் பக்கத்திலிருந்து பிளந்துகொண்டது. காலில் முள் (மரத்தில் குத்தி ஏறுவதற்காகக் காலில் கட்டும் கூர்மையான இரும்புக் கருவி) மாட்டி, அதை அடிமரத்தில் குத்தி நின்றிருந்த நேரம் அது. உள்ளங்காலுக்கு அடியில் முள்ளைத் தாங்கும் இரும்புப் பட்டை பிளந்த சோலோடு சேர்ந்து முன்னால் நகர்ந்துவிட, உடல் எடை முழுவதும் இடது காலுக்கும் மரத்தைச் சுற்றியிருந்த இடுப்புக் கயிற்றுக்கும் போய்ச் சேர்ந்தது. அதற்கு மேலே தனியாக ஓர் ஏறு கயிறும் கட்டியிருந்ததால் உயிருக்கு ஒன்றும் நேரவில்லை. மரப்பட்டையில் உரசிய முழங்கால் காயத்தோடு இறங்கிவிட்டேன். அந்த பூட்ஸை வாங்கி ஏழு வாரங்கள்கூட ஆகியிருக்கவில்லை.

மரம் ஏறும் வேலைக்கென்றே செய்யப்பட்டது என்று சொல்லித்தான் விற்பனையாளர் அதை என்னிடம் கொடுத்தார். மேல்பாகம் முழுத் தோல், சோல் தைக்கப்பட்டது, பாத வளைவுக்கு அடியில் எஃகுத் தகடு உண்டு, சங்கிலி ரம்பம் பட்டாலும் தாங்கும் என்று நான்கு உறுதிகளையும் அவர் தந்தார். நான்குமே உண்மையில்லை.

பிளந்த பூட்ஸை, பல ஆண்டுகளாகக் காலணி தைத்துவரும் ஒரு பெரியவரிடம் எடுத்துச் சென்றேன். அவர் அதை மடியில் கவிழ்த்து வைத்து, ஓரத்தில் தெரிந்த மஞ்சள் நூல் தையலின் ஓரிடத்தை ஊசி முனையால் நெம்பினார். நூல் சோலுக்குள் இறங்கவே இல்லை. சோலின் விளிம்பைச் சுற்றி ஒட்டிய மெல்லிய ரப்பர் பட்டையில் மட்டும் தையல் ஓடியது. அந்தப் பட்டையை அவர் விரலால் பிடித்து இழுக்க, வாழைநார் உரிவதுபோல் முழுச் சுற்றும் தனியாக வந்துவிட்டது. அதன் பின்னால் பசை மட்டுமே இருந்தது. பிறகு சோலுக்கும் தோலுக்கும் நடுவில் இருந்த மெத்தைப் பகுதியைக் கட்டைவிரலால் அழுத்தினார். பழைய சுண்ணாம்புச் சுவரைத் தொட்டதுபோல் மாவாக உதிர்ந்து விரலில் ஒட்டியது. “இது புதுசு இல்லையே தம்பி, ரொம்ப நாள் எங்கேயோ கிடந்த சரக்கு” என்றார்.

அவர் சொன்னதன் காரணத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் தொழிலில் பழகியவர்கள் பலருக்கும் இது தெரியவில்லை. பூட்ஸின் நடுச்சோல், அதாவது அந்த மெத்தைப் பகுதி, பெரும்பாலும் பாலியூரிதேன் என்ற பிளாஸ்டிக் நுரையால் செய்யப்படுகிறது. அது எடை குறைவு, காலுக்கும் மெத்தென்று இருக்கும். ஆனால் அதன் சில வகைகளைக் காற்றிலுள்ள ஈரப்பதம் மெல்ல மெல்லச் சிதைத்துவிடும். நீராற்பகுப்பு எனப்படும் இந்தச் சிதைவு, பூட்ஸைக் காலில் போட்டால்தான் நடக்கும் என்பதில்லை. பெட்டிக்குள் மூடி வைத்திருந்தாலும், அதிலும் வெப்பமும் ஈரமும் உள்ள கிடங்கில் கிடந்தால், அது நடந்துகொண்டே இருக்கும். வெளியில் தோல் பளபளப்பாக இருக்கும்போதே உள்ளே சோல் உதிர்ந்துபோயிருக்கலாம். எனவே பாதுகாப்புக் காலணியின் தயாரிப்பு மாதத்தையும் ஆண்டையும் தெரிந்துகொள்வது முக்கியம். பாதுகாப்புக் காலணிகளுக்கான இஎன் ஐஎஸ்ஓ 20345 என்ற சர்வதேசத் தரப்படி செய்யப்பட்ட காலணியில் அளவு, தயாரிப்பாளரின் குறி, தர எண் ஆகியவற்றோடு தயாரிப்புக் காலமும் குறிக்கப்பட்டிருக்க வேண்டும். என்னுடைய பூட்ஸில், லேஸுக்கு அடியில் உள்ள நாக்கின் உட்புறம், இந்த விவரங்கள் உள்ள துணிச்சீட்டு இருந்த இடத்தில் கத்தரித்த நூல் முனைகள் மட்டுமே நீட்டிக்கொண்டிருந்தன. வாங்கும்போதே அதைப் பார்த்துக் கேட்டேன். காலில் உறுத்தாமல் இருக்க எடுத்துவிட்டோம் என்றார் விற்பனையாளர், நானும் நம்பிவிட்டேன்.

எஃகுத் தகடு பற்றிய பொய்தான் எனக்கு உடலளவில் அதிக வேதனை தந்தது. முள் மாட்டி நிற்கும்போது நம் எடை முழுவதும் குறுகிய இரும்புப் பட்டை ஒன்றின் வழியாகப் பாத வளைவில் இறங்குகிறது. அந்த இடத்தில் எஃகு, கண்ணாடியிழை போன்ற விறைப்பான தகடு இருந்தால்தான் எடை பாதம் முழுக்கப் பரவும். எனக்கு முதல் வாரத்திலிருந்தே உள்ளங்காலின் நடுவில் கம்பி வைத்து அழுத்துவதுபோல் வலித்தது. புது பூட்ஸ் பழகும்வரை அப்படித்தான் இருக்கும் என்று விற்பனையாளர் தொலைபேசியில் சொன்னார். அந்தப் பேச்சில் ஏமாறாதீர்கள். தோல் பழகாததால் வரும் வலி கணுக்காலிலும் குதிகாலின் பின்புறத்திலும் உரசலாக வரும், நாள் போகப்போகக் குறையும். தகடு இல்லாததால் வரும் வலியோ முள் மாட்டிய நாளெல்லாம் அதே இடத்தில் வரும், குறையாது. பெரியவர் சோலைப் பிரித்துக் காட்டியபோது, தகடு இருக்க வேண்டிய இடத்தில் ஈரத்தில் ஊறி வளைந்த அட்டைத் துண்டு ஒன்றுதான் கிடந்தது.

இதைக் கடையிலேயே கண்டுபிடிக்க முடியும். ஒரு கையில் முனையையும் மறு கையில் குதிகாலையும் பிடித்து பூட்ஸை மடக்கிப் பாருங்கள். விரல்கள் மடங்கும் இடத்தில் மட்டுமே அது வளைய வேண்டும். நடுவில் வளைந்தாலோ, துணி பிழிவதுபோல் முறுக்க முடிந்தாலோ, அது முள் மாட்டி ஏறுவதற்கு உதவாது. கவாத்து வேலைக்குக் கயிற்றில் மட்டும் ஏறுபவர்களுக்கு இவ்வளவு விறைப்பு தேவையில்லை. உயிரோடு நிற்க வேண்டிய மரத்தில் முள் குத்துவது மரத்துக்குக் காயம் என்பதால், அந்த வேலையில் முள்ளே கூடாது.

ரம்பப் பாதுகாப்பு என்பதற்கு அந்த பூட்ஸில் இருந்தது, கணுக்கால் பக்கத்தில் பச்சை நிறத்தில் அச்சிட்ட ஒரு ரம்பப் படம் மட்டுமே. உண்மையான பாதுகாப்புக் காலணியில் கேடயத்துக்குள் ரம்பப் படமும், இஎன் ஐஎஸ்ஓ 17249 என்ற தர எண்ணும், எந்த வகுப்பு என்பதும் இருக்கும். சோதனையில் சங்கிலி ஓடும் வேகத்தைக் கொண்டு வகுப்பு பிரிக்கிறார்கள்: முதல் வகுப்புக்கு வினாடிக்கு 20 மீட்டர், இரண்டாம் வகுப்புக்கு 24, மூன்றாம் வகுப்புக்கு 28. எண் இல்லாத படத்துக்கு எந்தப் பொருளும் இல்லை. உண்மையானதிலும் பாதுகாப்பு முக்கியமாக முன்பக்கத்துக்குத்தான் என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

தோலைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. அடிப்பிளவுத் தோலின் (மேல்பகுதியைப் பிளந்தெடுத்தபின் எஞ்சும் அடித்தோலின்) மேல் பிளாஸ்டிக் பூச்சு பூசியிருந்தார்கள். லேஸ் துளை ஓரத்தில் பூச்சு படலமாக உரிந்ததும் அடியிலிருந்த பஞ்சு போன்ற நார் தெரிந்துவிட்டது.

எல்லாவற்றையும் படம் எடுத்துக்கொண்டு விற்பனையாளரிடம் போனேன். முதலில் தண்ணீரில் நனைத்திருப்பீர்கள் என்றார். மழையிலும் பனியிலும் வேலை செய்பவருக்கு விற்ற பொருள் நனையாமல் எப்படி இருக்கும் என்று கேட்டபோது, முள் மாட்டிப் பயன்படுத்தியதால் உத்தரவாதம் செல்லாது என்று பில்லின் பின்பக்கத்தில் இருந்த பொடி எழுத்தைக் காட்டினார். முள் மாட்டுவேன் என்று சொல்லித்தான் அவரிடமே வாங்கினேன். அந்தப் பேச்சு எதுவும் எழுத்தில் இல்லாததால் என்னால் மேற்கொண்டு ஒன்றும் செய்ய முடியவில்லை. மூன்றாம் முறைக்குப் பிறகு தொலைபேசியையும் எடுப்பதில்லை. எந்த வேலைக்கு வாங்குகிறீர்கள் என்பதை பில்லிலேயே எழுதச் சொல்லி வாங்குங்கள். எழுதத் தயங்கினால் அங்கே வாங்க வேண்டாம்.

அடுத்த இணையை வாங்க இரண்டு மாலைகள் செலவிட்டேன். நாள் முழுக்க நின்றபின் பாதம் சற்று வீங்கியிருக்கும் என்பதால் மாலையில் போவதே சரி. வேலைக்குப் போடும் அதே தடித்த காலுறையோடு போட்டு, சரிவில் இறங்குவதுபோல் முன்னால் சாய்ந்து, விரல் முனையில் இடிக்கிறதா என்று பார்த்தேன். முனையில் இரும்புத் தொப்பி உள்ளதென்றால் கட்டாயம் குந்தி உட்கார்ந்து பாருங்கள். மரக் கவட்டையில் கால் வைத்து விரல்களை மடக்கும்போது, அதன் பின்விளிம்பு விரல் மூட்டை அறுப்பதை நின்றபடி பார்த்தால் உணர முடியாது. குதிகால் முன்பக்கம் சரிவாக இல்லாமல் நேராக வெட்டினாற்போல் இறங்கினால்தான் முள்ளின் பட்டை அங்கே ஊன்றி நிற்கும். லேஸுக்குத் திறந்த கொக்கிகள் குறைவாக இருப்பது நல்லது. சிறு கொப்புகளும் கயிறும் அதில்தான் சிக்குகின்றன. கடைக்கு என் முட்களையும் எடுத்துச் சென்று, மாட்டி, ஒரு மரக்கட்டையின் மேல் கால் மணி நேரம் நின்று பார்த்தபிறகே பணம் கொடுத்தேன்.

நான் ஏமாந்த பூட்ஸின் அடையாளம்: அடர் பழுப்பு நிறம், சோல் விளிம்பைச் சுற்றி மஞ்சள் நூல், கணுக்காலின் வெளிப்புறத்தில் எண் இல்லாத பச்சை ரம்பப் படம், நாக்குக்குள் சீட்டு வெட்டிய தடம். இதே சரக்கு வேறு கடைகளிலும் இருக்கக்கூடும். உங்களிடம் ஒன்று இருந்தால், அடுத்த முறை மரத்தில் ஏறுவதற்கு முன், குதிகால் பக்கத்தில் உள்ள நடுச்சோலை நகத்தால் அழுத்திப் பாருங்கள். நகத்தின் தடம் மீளாமல் நின்றாலோ மாவு உதிர்ந்தாலோ, அதைப் போட்டுக்கொண்டு ஏறாதீர்கள்.