சங்கத்தை உடைப்பதா, அணைத்துக்கொள்வதா, தேர்தலுக்குத் தேர்தல் ஏமாற்றுவதா?

செலவு விஷயத்தில் நான் பழமைவாதி. கையில் இருப்பதைப் பார்த்துத்தான் அரசாங்கம் செலவு செய்யவேண்டும், இனிமேல் பிறக்கப்போகிற பிள்ளையின் பெயரில் இன்றைக்குக் கடன் எழுதக்கூடாது என்கிற கட்சி. அப்படிப்பட்ட ஆள் அரசாங்க ஊழியர் சங்கம் என்றாலே முகம் சுளிப்பான் என்று காப்பிக்கடை மேசையில் எதிர்பார்க்கிறார்கள். எனக்கு அதில் பாதிதான் உடன்பாடு. விஸ்கான்சின், இல்லினாய், தமிழ்நாடு, சிங்கப்பூர், இந்த நான்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், பட்ஜெட்டைக் கவிழ்ப்பது சங்கம் இல்லை, அரசாங்கம் எழுதிக்கொடுக்கிற பின்தேதியிட்ட காசோலைதான்.

முதலில் அந்தப் பாதி உடன்பாட்டைச் சொல்லிவிடுகிறேன். தனியார் நிறுவனத்தில் சங்கம் அளவுக்கு மீறிக் கேட்டால் கம்பெனி மூடிக்கொண்டு போய்விடும், அது இரண்டு தரப்புக்கும் தெரியும். அரசாங்கத்துக்குப் போட்டிக் கடை கிடையாது. மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கும் அரசியல்வாதிக்கு இந்தப் பக்கம் இருப்பவர்களின் ஓட்டு வேண்டும், காசு கொடுக்கப்போகிற வரி செலுத்துபவரோ அந்த அறையிலேயே இல்லை. இது ஏதோ வலதுசாரிகள் கிளப்பிவிட்ட பயம் இல்லை. தொழிலாளர் பக்கம் நின்ற அமெரிக்க அதிபர் ரூஸ்வெல்ட்டே, வழக்கமான கூட்டுப் பேரத்தை, அதாவது ஊழியர்கள் சார்பில் சங்கம் முதலாளியோடு பேசி ஒப்பந்தம் போடுவதை, அப்படியே அரசாங்க வேலைக்குக் கொண்டுவர முடியாது என்று 1937ல் ஒரு கடிதத்தில் எழுதியிருக்கிறார்.

சரி, விஸ்கான்சின். அரசாங்க ஊழியர்களுக்குக் கூட்டுப் பேர உரிமையைச் சட்டமாகக் கொடுத்த முதல் அமெரிக்க மாநிலம் அது, 1959ல். அதே மாநிலத்தில் 2011 ஜனவரியில் ஆளுநரான ஸ்காட் வாக்கர், இரண்டு ஆண்டு பட்ஜெட்டில் 3.6 பில்லியன் டாலர் துண்டு விழுகிறது என்று சொல்லி, மார்ச் மாதம் 'சட்டம் 10'ஐக் கொண்டுவந்தார். அடிப்படைச் சம்பளத்தைத் தவிர வேறு எதைப் பற்றியும் பேரம் பேசமுடியாது. சம்பளமும் விலைவாசி உயர்வுக்கு மேல் போகவேண்டுமானால் மக்களிடம் வாக்கெடுப்பு நடத்தவேண்டும். சந்தாவைச் சம்பளத்தில் பிடித்துக் கொடுக்கமாட்டார்கள். ஆண்டுக்கு ஒருமுறை மொத்த ஊழியர்களில் 51 விழுக்காட்டினர் ஆதரித்து ஓட்டுப்போட்டால்தான் சங்கத்துக்கு அங்கீகாரம், அதாவது ஓட்டுப்போட வராதவரும் எதிர்த்த கணக்கு. இதைத் தடுக்க ஜனநாயகக் கட்சி செனட்டர்கள் 14 பேர் பக்கத்து மாநிலமான இல்லினாய்க்கு ஓடிப்போய் உட்கார்ந்தார்கள், மாநிலத் தலைநகர் மேடிசனில் சட்டமன்றக் கட்டடமே போராட்டக்காரர்களால் நிரம்பியது, 2012 ஜூனில் வாக்கரைத் திரும்ப அழைக்கும் தேர்தலும் நடந்து அதில் அவரே ஜெயித்தார்.

என்னைப் போன்றவர்கள் கைதட்டிய கதை இது. ஆனால் கணக்கைப் பிரித்துப் பார்க்கவேண்டும். காசு மிச்சமானது எங்கே? ஊழியர் சம்பளத்தில் ஏறக்குறைய 5.8 விழுக்காட்டை ஓய்வூதியத்துக்குக் கட்டவேண்டும், மருத்துவக் காப்புறுதிச் சந்தாவில் குறைந்தது 12.6 விழுக்காட்டைக் கட்டவேண்டும் என்ற இரண்டு விதிகளில்தான் பெரும்பகுதி. அந்த இரண்டுக்கும் ஒத்துக்கொள்கிறோம், பேர உரிமையை மட்டும் விட்டுவிடுங்கள் என்று பெரிய சங்கங்களின் தலைவர்கள் அப்போதே சொன்னார்கள். வாக்கர் விடவில்லை. போலீஸ், தீயணைப்பு ஊழியர்களுக்கு மட்டும் விலக்கு கொடுத்தார், அதில் மில்வாக்கி நகரத்துச் சங்கங்கள் தேர்தலில் அவரை ஆதரித்தவை. சிக்கனம் கொள்கை என்றால் அது எல்லோருக்கும்தான் இருக்கவேண்டும், நமக்கு ஓட்டுப்போட்டவனுக்கு ஒரு சட்டம் மற்றவனுக்கு ஒரு சட்டம் என்றால் அது சிக்கனமே இல்லை, கணக்குத் தீர்ப்பது. 2024 டிசம்பரில் ஒரு மாவட்ட நீதிபதி அந்தச் சட்டத்தின் பெரும்பகுதியைச் செல்லாது என்று சொன்னதற்கும் இந்தப் பாகுபாடுதான் காரணம், வழக்கு மேல்முறையீட்டுக்குப் போனது.

இன்னொரு விஷயம் பலருக்குத் தெரியாது. விஸ்கான்சினின் ஓய்வூதிய நிதி அப்போதும் ஏறக்குறைய முழுசாக நிரம்பித்தான் இருந்தது. அந்தந்த ஆண்டுக்கான பணத்தை அந்தந்த ஆண்டே போடுவார்கள். முதலீடு நஷ்டப்பட்டால் ஓய்வுபெற்றவரின் மாதத் தொகையும் இறங்கும், 2008 சரிவுக்குப் பிறகு அப்படி இறங்கவும் செய்தது. முன்பு லாபத்தில் கிடைத்த உயர்வைத்தான் திரும்ப எடுப்பார்கள், ஆரம்பத் தொகையில் கைவைக்கமாட்டார்கள். சங்கங்கள் பலமாக இருந்த பல பத்தாண்டுகளும் இந்த ஏற்பாடு ஓடியிருக்கிறது.

எல்லைக்கு அந்தப் பக்கம் இல்லினாய். ஓய்வூதியப் பலனைக் குறைக்கவே முடியாது என்று 1970ல் அரசியல் சாசனத்திலேயே எழுதிவைத்தார்கள், எழுதிவிட்டுப் பணத்தை ஒழுங்காகப் போடவில்லை. 2045க்குள் 90 விழுக்காடு நிரப்புவோம் என்று 90களில் ஐம்பது ஆண்டுத் திட்டம் போட்டார்கள், அதிலும் 2006, 2007ல் கட்டவேண்டியதைக் குறைத்துக் கட்டினார்கள். 2013ல் பலனைக் குறைக்கச் சட்டம் போட்டபோது மாநில உச்ச நீதிமன்றம் 2015ல் அதை அடித்துப்போட்டது. இன்றைக்குப் பற்றாக்குறை 140 பில்லியன் டாலரைத் தாண்டி நிற்கிறது. இதில் சங்கத்தின் மேல் எனக்குக் கோபம் இல்லை என்று சொல்லமாட்டேன், ஆனால் முதல் குற்றவாளி சட்டமன்றம்தான்: சம்பளம் ஏற்றினால் இந்த ஆண்டே வரி ஏறும், ஓய்வூதியத்தை ஏற்றினால் பில் வரும்போது நாம் பதவியில் இருக்கமாட்டோம் என்று இரண்டு கட்சிக்காரர்களும் கணக்குப் போட்டார்கள்.

தமிழ்நாட்டுக் கதை நம் ஆட்களுக்குத் தெரியும், சுருக்கமாகச் சொல்கிறேன். 2003 ஜூலை வேலைநிறுத்தத்தில் ஜெயலலிதா அரசு சுமார் 1,70,000 ஊழியர்களையும் ஆசிரியர்களையும் ஒரேயடியாக நீக்கியது. அரசு ஊழியருக்கு வேலைநிறுத்த உரிமையே இல்லை என்று ஆகஸ்டில் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. பெரும்பாலோர் பிறகு திரும்ப வேலைக்கு எடுக்கப்பட்டார்கள். அந்த ஆண்டு ஏப்ரல் முதல் சேர்ந்தவர்களுக்குப் பழைய ஓய்வூதியம் கிடையாது, ஊழியரும் அரசும் மாதாமாதம் பணம் போடுகிற பங்களிப்புத் திட்டம்தான். என்னைக் கேட்டால் அந்த இரண்டாவது முடிவுதான் பட்ஜெட்டுக்கு உண்மையான மருந்து, முதலாவது வெறும் அடிதடி. ஆனால் மருந்தையும் விடமாட்டார்கள் போலிருக்கிறது, பழைய ஓய்வூதியத்தைக் கொண்டுவருவோம் என்று 2021ல் திமுக தேர்தல் வாக்குறுதியிலேயே சேர்த்தது. உடைப்பதும் இல்லை, ஒப்பந்தமும் இல்லை, ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை ஏலம்.

இனி நம் ஊர், சிங்கப்பூர். இங்கே எல்லாம் ஆரம்பத்திலிருந்தே சுமுகம் என்று நினைப்பவர்கள் 1959ஐப் படிக்கவேண்டும். மக்கள் செயல் கட்சி ஆட்சிக்கு வந்ததும் முதல் வேலையாக, நிதியமைச்சர் கோ கெங் சுவீ துண்டு விழுவதைக் காட்ட, அரசாங்க ஊழியர்களின் படிகளை வெட்டினார்கள். எதிர்த்து நின்ற சங்கத் தலைவர்களில் ஜி. கந்தசாமி முக்கியமானவர். 1961ல் படிகள் திரும்ப வந்தன. 1967 பிப்ரவரியில் நாட்கூலித் துப்புரவுத் தொழிலாளர்கள் சுமார் 2,400 பேர் வேலைநிறுத்தம் செய்தார்கள், கே. சுப்பையாவும் மற்றத் தலைவர்களும் கைதானார்கள், வேலை வேண்டுமென்றால் மறுநாள் புதிதாக விண்ணப்பியுங்கள் என்றது அரசாங்கம், பெரும்பாலோர் விண்ணப்பித்தார்கள், சங்கத்தின் பதிவும் போனது. வாக்கர் செய்தது இதற்கு முன்னால் பால்குடி. அடுத்த ஆண்டே சட்டத்தைத் திருத்தி, வேலைக்கு எடுப்பது, பதவி உயர்வு, இடமாற்றம், ஆட்குறைப்பு எதையும் சங்கம் பேரம் பேசமுடியாது என்று ஆக்கினார்கள்.

ஆக, நாம் அணைத்துக்கொண்டோம் என்று பெருமையடிக்கும்போது முதலில் அடித்தோம் என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும். ஆனால் அடித்ததோடு நிற்கவில்லை என்பதுதான் வித்தியாசம். 1972ல் தேசியச் சம்பள மன்றம் வந்தது, சங்கமும் முதலாளியும் அரசாங்கமும் ஒரே மேசையில். ஓய்வுக்காலத்துக்கு மசேநிதி, அதாவது மத்திய சேம நிதி, மாதாமாதம் உங்கள் கணக்கில் காசாகவே விழுகிறது, யாரும் பிறகு தருகிறேன் என்று சொல்லமுடியாது. 1986லிருந்து புதிதாகச் சேர்ந்த பெரும்பாலான அரசாங்க ஊழியர்களுக்கும் பழைய ஓய்வூதியம் இல்லை, மசேநிதிதான். அதே ஆண்டு பொருளியல் மந்தத்தில் முதலாளியின் மசேநிதிப் பங்கு 25 விழுக்காட்டிலிருந்து 10க்கு இறங்கியது, சங்கங்கள் பல்லைக் கடித்துக்கொண்டு ஒத்துக்கொண்டன. அப்புறம் போனஸ்: 2020ல் கொவிட் காரணமாக அரசாங்க ஊழியர்களுக்கு மாறுவிகிதப் போனஸ் ஆண்டு நடுவிலும் இல்லை, கடைசியிலும் இல்லை, கீழ்நிலை ஊழியர்களுக்கு மட்டும் சிறு தொகை, எல்லோருக்கும் 13வது மாதச் சம்பளம். 2024ல் இரண்டு தவணையும் சேர்த்து 1.5 மாதம். நல்ல ஆண்டில் ஏறும், கெட்ட ஆண்டில் இறங்கும், எதுவும் அடுத்த தலைமுறைக்குப் போகாது. முன்பு சேர்த்துவைத்த இருப்பைத் தொடவேண்டுமானால் அதிபர் சம்மதம் வேண்டும் என்ற பூட்டும் இருக்கிறது.

இதில் குறையே இல்லையா? இருக்கிறது, பெரிய குறை. தொழிற்சங்கங்களின் கூட்டமைப்பான என்டியுசியின் தலைமைச் செயலாளர்கள் பல பத்தாண்டுகளாக அமைச்சரவையிலும் உட்கார்ந்தவர்கள். மேசைக்கு இரண்டு பக்கமும் ஒரே கட்சி என்பது அமெரிக்கப் பழமைவாதி பயப்படும் அதே நிலைமைதான், அங்கே சங்கம் அரசியல்வாதியை வாங்கிவிடும் என்று பயம், இங்கே நடந்தது அதற்குத் தலைகீழ். 1986ல் அப்போதைய என்டியுசி தலைமைச் செயலாளர் ஒங் டெங் சியோங், ஹைட்ரில் என்ற நிறுவனத்தில் நடந்த வேலைநிறுத்தத்துக்கு அனுமதி கொடுத்ததை இன்றைக்கும் எடுத்துச் சொல்கிறோம் என்றால், அதற்குப் பிறகு சொல்ல அப்படி ஒன்று இல்லாததால்தான். அதுவும் தனியார் நிறுவனம்.

எனக்கு எது பிடிக்கும் என்று கேட்டால், பணம் கட்டும் முறைக்குச் சிங்கப்பூர், கொஞ்சம் விஸ்கான்சின் ஓய்வூதிய நிதி. மசேநிதியில் நீண்டகாலம் வாழ்பவருக்குச் சேமிப்பு தீர்ந்துபோகும் சிக்கலை நம் ஊரில் பிறகு உயிரோடு இருக்கும்வரை மாதத் தொகை தரும் சிபிஎஃப் லைஃப் திட்டத்தைக் கொண்டுவந்து சமாளித்தார்கள், விஸ்கான்சின்காரர்கள் லாபத்தையும் நஷ்டத்தையும் எல்லோரும் பகிர்வதை ஆரம்பத்திலேயே உள்ளே வைத்துவிட்டார்கள். இல்லினாய்க்கு எந்த வழியும் சுலபம் இல்லை, சாசனத்தைத் திருத்தாமல் நம் மாதிரியைப் புதிதாகச் சேருகிறவர்களுக்குத்தான் கொண்டுவரமுடியும், பழைய கடனைக் கட்டித்தான் தீர்க்கவேண்டும்.

சட்டம் 10 மாதிரி எதுவும் நமக்கு வேண்டாம், உடைக்க இங்கே என்ன மிச்சம் இருக்கிறது? எனக்கு வேண்டியது சின்ன விஷயம். ஒவ்வொரு முறையும் போனஸ் அறிவிப்பில் 'சங்கங்களுடன் கலந்தாலோசித்து' என்று ஒரு வரி வருகிறது. சங்கம் முதலில் எவ்வளவு கேட்டது, அரசாங்கம் என்ன காரணம் சொல்லிக் குறைத்தது என்பதையும் சேர்த்துப் போடுங்கள், அந்தக் காசைக் கட்டுகிறவர்கள் நாங்கள்தானே.