வாய்தாவை எதில் வைப்பது: டைரியா, இலவசச் செயலியா, சந்தா மென்பொருளா?

எங்கள் வழக்கறிஞர் அலுவலகத்தில் ஜூனியர் ஒருவர் சேர்ந்ததும் இந்தக் கேள்வி வந்தது. ஒருவர் மேலூர் முன்சீப் கோர்ட்டில் நிற்கும் அதே நேரத்தில் இன்னொருவர் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் நிற்க வேண்டும். குமாஸ்தாவின் கையில் இருக்கும் டைரியை இரண்டு பேரும் எப்படிப் பார்ப்பது? மூன்று வழிகளை அலசினோம்: டைரியே போதும் என்று விடுவது, ஆண்டுச் சந்தா கட்டி வழக்கு மேலாண்மை மென்பொருள் வாங்குவது, அல்லது வழக்கின் நிலையையும் அடுத்த தேதியையும் காட்டும் அரசின் இ-கோர்ட்ஸ் செயலியோடு கூகுள் காலண்டரையும் டிரைவையும் சேர்த்துக்கொள்வது. நாங்கள் எடுத்தது மூன்றாவதை. இன்னொரு முறை கேட்டாலும் அதையே சொல்வேன்.

டைரியைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. நெட் வராத கோர்ட் ஹாலிலும் தேதி சொன்ன உடனே எழுதிவிடலாம். ஆனால் அது ஒரு நேரத்தில் ஓர் இடத்தில்தான் இருக்கும். எங்கள் குமாஸ்தா இன்றும் எழுதுகிறார், எழுதத்தான் வேண்டும். காரணம் கீழே வருகிறது.

சந்தா மென்பொருளில் நல்ல வசதிகள் உண்டு. கட்சிக்காரருக்கு வாய்தா தேதி தானாகக் குறுஞ்செய்தியாகப் போகும், ஃபீஸ் பாக்கி ஒரே பக்கத்தில் தெரியும், வக்காலத்து முதல் பதிலுரை வரை வழக்குவாரியாக அடுக்கிவைக்கலாம். ஆனால் அடுத்த வாய்தா அதற்கு எங்கிருந்து கிடைக்கிறது என்று கேட்டுப் பாருங்கள். நாங்கள் பார்த்தவை எல்லாமே ஒவ்வொரு வழக்குக்கும் தனியாகத் தரப்படும் 16 இலக்க சி.என்.ஆர் எண்ணை வைத்து இ-கோர்ட்ஸிலிருந்துதான் தேதியை எடுத்தன. நீதிமன்றத்தின் பெஞ்ச் கிளார்க் தேதியைக் கணினியில் ஏற்றும் வரை காசு கொடுத்தவருக்கும் பழைய தேதிதான் தெரியும், கொடுக்காதவருக்கும் அதேதான். பதிவு இரண்டு நாள் தாமதமானால் காப்பாற்றுவது குமாஸ்தாவின் டைரிதான். வாய்தா தவறி, நம் தரப்பு இல்லாமலேயே ஒருதலைப்பட்சத் தீர்ப்பாணை ஆகிவிட்டால், அதை நீக்க 30 நாளுக்குள் மனுப் போட வேண்டும். தாண்டிவிட்டால் தாமதத்தை மன்னிக்கக் கோரி இன்னொரு மனு. கட்சிக்காரர் உசிலம்பட்டியிலிருந்தோ திருமங்கலத்திலிருந்தோ பஸ் ஏறி வந்து கேட்கும்போது, செயலியில் தேதி மாறவில்லை என்று சொல்ல முடியாது.

இ-கோர்ட்ஸ் செயலியில் கணக்குத் தொடங்க வேண்டாம், கடவுச்சொல் வேண்டாம். எண்ணைப் போட்டு வழக்கைச் சேமித்தால் 'மை கேசஸ்' பட்டியலில் வந்துவிடும். மாவட்ட நீதிமன்ற வழக்கும் உயர் நீதிமன்ற வழக்கும் ஒரே செயலியில் கிடைக்கும். பட்டியல் நம் போனிலேயே இருப்பதால் போன் மாற்றும் முன் ஏற்றுமதி செய்து கோப்பாக எடுத்துக்கொள்ள வேண்டும். அதே கோப்பை ஜூனியரின் போனில் இறக்கினால் அவருக்கும் அதே பட்டியல் வந்துவிடுகிறது. அடுத்த தேதியை டைரியில் பார்த்து, இருவரும் பகிர்ந்துகொள்ளும் காலண்டரில் மாலையில் ஏற்றிவிடுவோம். கொஞ்சம் கைவேலைதான். ஆனால் அந்தக் கைவேலையில்தான் டைரிக்கும் செயலிக்கும் தேதி ஒத்துப்போகிறதா என்பது தெரிகிறது.

சரி, என்னை முடிவெடுக்க வைத்தது இது எதுவும் இல்லை. மென்பொருளுக்கான சந்தா ஓராண்டுக்கு. வழக்கோ ஒரு தலைமுறைக்கு. சிவில் தீர்ப்பாணையை நிறைவேற்ற மனுப் போடக் காலவரம்பே 12 ஆண்டு. பாகப்பிரிவினை வழக்கில் யாருக்கு எவ்வளவு பங்கு என்று சொல்லும் முதல்நிலைத் தீர்ப்பாணைக்குப் பிறகு, சொத்தைப் பிரித்துக் கொடுக்கும் இறுதித் தீர்ப்பாணை கேட்க அந்த வரம்புகூடக் கிடையாது. அப்பா நடத்திய வழக்கின் கட்டைத் தேடிக்கொண்டு மகன் வருவது நம் ஊரில் சாதாரணம். அதுவரை அந்த நிறுவனம் இருக்குமா, சந்தா விலை என்னவாகும், நாம் விலகினால் நம் விவரங்கள் எந்த வடிவில் கையில் கிடைக்கும்? ஒரு நிறுவனத்திடம் இதைக் கேட்டேன். வழக்குக்கு ஒன்றாக பி.டி.எஃப் தருவோம் என்றார்கள். எக்செல் பட்டியலாகக் கிடையாது, சந்தா முடிந்தால் உள்ளே நுழையவும் முடியாது. வாடகை பாக்கி என்று சொல்லி கேஸ் கட்டு இருக்கும் பீரோவைப் பூட்டிவைப்பது போன்றது அது. நம்மை நம்பிக் கொடுத்த ஆவணத்தை, கேட்ட அன்றைக்கு எடுத்துக் கொடுக்க முடியாத நிலைக்கு எந்த வழக்கறிஞரும் சம்மதிக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

அசல் கோப்பு நம் கையில் இருக்க வேண்டியதற்கு இப்போது இன்னொரு காரணமும் சேர்ந்திருக்கிறது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாட்சிய அதினியம் என்ற புதிய சாட்சியச் சட்டம், மின்னணு ஆவணத்தோடு 63ஆம் பிரிவின்படி தரும் சான்றிதழில் அந்தக் கோப்பின் ஹேஷ் மதிப்பையும் (கோப்பின் கைரேகை போன்ற குறியீடு, கோப்பு கொஞ்சம் மாறினாலும் இதுவும் மாறிவிடும்) கேட்கிறது. வேலித் தகராறில் கட்சிக்காரர் எடுத்த வீடியோவை வாட்ஸ்அப்பில் வழக்கம்போல் அனுப்பினால் அது சுருங்கிவிடும், ஹேஷ் மதிப்பும் மாறிவிடும். 'டாக்குமென்ட்' ஆக அனுப்பச் சொல்லி, அப்படியே டிரைவில் போட்டு, ஒரு பிரதியை ஹார்ட் டிஸ்கிலும் வைக்கிறோம். அப்புறம், அந்த வீடியோ இருக்கும் போனைப் பத்திரமாக வைத்திருக்கச் சொல்கிறோம். டிரைவும் இன்னொரு நிறுவனத்தின் இடம்தானே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் அங்கே போட்ட கோப்பு போட்டபடியே திரும்பி வருகிறது, அதோடு ஹார்ட் டிஸ்க் பிரதியும் இருக்கிறது.

நாங்கள் சிறிய அலுவலகம், பெரும்பாலும் சிவில் வழக்குகள். பத்துப் பேர் வேலை செய்யும் இடத்திலோ, வங்கிகளுக்காக நூற்றுக்கணக்கில் வழக்கு நடத்தும் இடத்திலோ சந்தா மென்பொருள் காசுக்குத் தகுந்த வேலை செய்யலாம், அங்கே என் அனுபவம் செல்லாது. அப்படி வாங்குவதாக இருந்தால் பணம் கட்டும் முன் சோதனைக் காலத்திலேயே ஐந்தாறு வழக்குகளை ஏற்றி, உடனே திரும்ப இறக்கிப் பாருங்கள். இறங்கிய பட்டியலில் சி.என்.ஆர் எண்ணும் பழைய வாய்தாக் குறிப்புகளும் இருக்கின்றனவா, ஆவணம் ஏற்றிய அதே கோப்பாக வருகிறதா என்று பார்த்துவிட்டு அப்புறம் விலை பேசுங்கள்.